நல்ல லேப்டாப்பை வாங்கித் தொலைக்காமல் இருப்பது எப்படி?

உங்கள் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். நாலு எக்செல் தாள், மாதம் ஒருமுறை ஜிஎஸ்டி கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், தமிழில் ஒன்றிரண்டு கடிதம், பெங்களூரில் இருக்கும் மகளோடு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அவ்வப்போது பையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கோ கோவைக்கோ ரயில் பயணம். படுக்கும் முன் பாதிப் படம்.

இந்த வேலைக்கு ஆறேழு வருடம் உழைக்கக்கூடிய, ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் மெஷின் எல்லாக் கடையிலும் இருக்கிறது. பெரும்பாலும் மூலையில், ஷோரூம் விளக்கு படாத இடத்தில், கறுப்பாக, ஸ்டிக்கர் அதிகம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் அசந்தால் அதை வாங்கிவிடுவீர்கள். வாங்கிவிட்டால் அடுத்த ஆறு வருடத்துக்கு லேப்டாப்பைப் பற்றிப் புலம்ப உங்களிடம் ஒன்றுமே இருக்காது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்ன பேசுவீர்கள்?

அந்த நிலை வராமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. பயப்பட வேண்டாம். இதில் பாதிப் படிகளை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறைப்படுத்திக்கொள்வோம்.

1. வேலைப் பட்டியல் எழுதாதீர்கள்.

‘போன வாரம் கணினியில் என்னென்ன செய்தேன்’ என்று ஒரு தாளில் எழுதினால் ஐந்து வரியில் முடிந்துவிடும். அந்த ஐந்து வரியோடு கடைக்குப் போனால் விற்பனையாளர் உங்களிடம் பேச என்ன மிச்சம்? அவர் பிழைப்பையும் பார்க்க வேண்டும்.

அதற்குப் பதில், நீங்கள் ஆகப்போகிற மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் யூடியூப் சேனல் நடத்துவார். 4கே வீடியோ எடிட் செய்வார். பைத்தான் கற்றுக்கொள்வார். பங்குச் சந்தையை மூன்று திரையில் பார்ப்பார். அவருக்கு வேண்டிய மெஷினை, உங்கள் காசில் வாங்குங்கள். தனி கிராபிக்ஸ் சிப், விசைகளுக்கு அடியில் வண்ண விளக்கு, பின்பக்கம் பெரிய காற்றுத் துளை. எடை இரண்டரைக் கிலோவைத் தொடும். சார்ஜர் தனியாக முக்கால் கிலோ வரலாம். எக்செல் திறந்தாலே விசிறி இரையும். எதிர் பெர்த்துக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். பார்க்கட்டும், அதற்குத்தானே வாங்கினோம்.

2. சரியான ஆளிடம் யோசனை கேளுங்கள்.

சரியான ஆள் என்றால் அக்கா மகன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. “மாமா, ஐ5 எல்லாம் வேஸ்ட் மாமா. ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் இல்லாம வாங்கவே வாங்காதீங்க.” காரணம் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாதீர்கள். விளையாட்டில் நொடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்பது அவன் கவலை. வருமான வரித் தாக்கலின் கடைசி நாள் உங்கள் கவலை. இரண்டுக்கும் ஒரே லேப்டாப் பொருந்தும் என்று நம்புங்கள். பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். பதினைந்து பேர் பதினாறு பிராண்ட் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னவர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கவே கூடாத ஆள் ஒருவர் உண்டு. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஒரு குறுகலான மாடிப்படியின் உச்சியில், பத்து லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பார். உங்கள் ஊரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் இருக்கிறார். எந்த மாடலின் கீல் உடைந்து வருகிறது, எதற்குக் கீபோர்டு கிடைக்காமல் மூன்று வாரம் ஆகிறது, எந்த போர்டு செத்தால் பிழைக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். “அண்ணே, எது அதிகமா ரிப்பேருக்கு வருது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், இந்த வழிகாட்டி மொத்தமும் வீண். அந்த மாடிப்படியைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடங்கள்.

3. பெரிய எண்ணை வாங்குங்கள்.

சிப்பின் பெயரில் 3, 5, 7, 9 என்று போட்டிருப்பார்கள். 3-ஐ விட 7 பெரியது. ஒன்றாம் வகுப்பில் படித்ததை இப்போது சந்தேகப்படாதீர்கள்.

முக்கியமாக, அந்த 7-க்குப் பின்னால் வரும் எண்களைப் படிக்காதீர்கள். ஐ7-4600யு என்றால் நான்காம் தலைமுறை, 2013-ல் வந்தது, உள்ளே இரண்டே கோர். ஐ3-1215யு என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது, ஆறு கோர். செகண்ட்ஹேண்ட் கடையில் முன்னதை “ஐ7 சார், கம்பெனி பீஸ்” என்று பெருமையாக எடுத்து வைப்பார்கள். நீங்களும் பெருமையாக வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பதும், விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது என்பதும் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

புதுசுதான் வேண்டும் என்பவர்களை ஏஎம்டி கைவிடவில்லை. ரைசன் 5 7520யு என்று ஒரு சிப். பெயரில் 7000 வரிசை. 2022-ல் வெளிவந்தது. உள்ளே இருப்பது 2019-ஆம் ஆண்டின் வடிவமைப்பு. அடுத்த பலகையில் இருக்கும் 7530யு அதைவிடப் புதிய வடிவமைப்பு. வித்தியாசம் மூன்றாவது இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. ஒளிந்திருப்பதை நோண்டி எடுப்பது மரியாதை இல்லை.

4. ராம் பற்றிக் கேட்காதீர்கள். டிபி பற்றிக் கேளுங்கள்.

‘1 டிபி’ என்று எழுதியிருந்தால் உடனே மனம் நிறைய வேண்டும். அது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று பிரித்துப் பார்ப்பவர்கள் வாழ்க்கையை ரசிக்கத் தெரியாதவர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுப் போய்க் காபி கலந்து, ஆற்றி, குடித்துவிட்டு வரலாம். ராம் 8 ஜிபி போதும் என்பார்கள், போதும் என்று நீங்களும் தலையாட்டுங்கள். “பின்னால கூட்டிக்கலாமா, ஸ்லாட் இருக்கா, இல்ல போர்டுலயே ஒட்டியிருக்கா?” என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தாலும் விழுங்கிவிடுங்கள். ஒட்டியிருந்தால், குரோமில் பன்னிரண்டு டேப் திறக்கும் நாளில் தானாகத் தெரிந்துவிடும்.

5. திரையை நேருக்கு நேர் பாருங்கள்.

கடையில் மீன் நீந்தும் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சம் நூறு சதவீதம். அந்தக் கோணத்திலிருந்து அசையாதீர்கள். மூடியைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் சில திரைகளில் மீன் கருத்துப் போகும். டிஎன் வகைத் திரை என்று அதற்குப் பெயர். ஐபிஎஸ் என்றால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மீன் மீனாகவே இருக்கும், அதில் ஒரு சுவாரசியமும் இல்லை.

வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். மலிவானவற்றில் 220, 250 என்று இருக்கும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்ய 300-க்கு மேல் இருந்தால் கண் பிழைக்கும். 220-ஐ வாங்குங்கள். வைகை எக்ஸ்பிரஸில் பகல் பயணம் முழுக்கத் திரையில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வரலாம். பளபளப்பான தொடுதிரை என்றால் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

6. எதையும் தொடாதீர்கள்.

இதுதான் இந்தக் கலையின் உச்சம், நிதானமாகக் கேளுங்கள்.

லேப்டாப்பை எல்லோரும் சிப்பைப் பார்த்து வாங்குகிறோம். அந்தச் சிப் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. சாவது வேறு இடத்தில்: கீல், கீபோர்டு, சார்ஜர் செருகும் துளை, பேட்டரி. அதாவது தினமும் உங்கள் கை படும் இடங்களில். அதனால் கடையில் அங்கெல்லாம் கையை வைக்கக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்தில் சிலை பார்ப்பதுபோல் பாருங்கள்.

கீலை மட்டும் எடுத்துக்கொள்வோம். மலிவான பிளாஸ்டிக் உடம்பில், கீலைப் பிடிக்கும் திருகாணிகள் சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளில் ஏறும். அந்த நட்டுகளைப் பிடித்திருப்பதோ வெறும் பிளாஸ்டிக் தூண்கள். கீல் இறுக்கமாக இருக்கும். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அந்த இறுக்கம் தூண்களை இழுக்கும். ஒரு ஓரத்தைப் பிடித்துத் திறந்தால் அந்தப் பக்கத்துத் தூணுக்கு இரட்டிப்பு இழுப்பு. ஒருநாள் ‘டப்’ என்று சத்தம் கேட்கும். மூலை பிளக்கும். அப்புறம் மூடும்போதெல்லாம் திரையின் சட்டம் வாய் திறக்கும். அதற்குள் ஓடும் கேபிள் தேய்ந்தால் திரையில் கோடு விழும். உள்ளே ஐ9 இருந்தாலும் இதே கதிதான்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கும் கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளமாகிறதா என்று பார்ப்பார்கள். திரையின் இரண்டு முனைகளையும் பிடித்து லேசாக முறுக்குவார்கள். மூடியின் நடுவில் ஒரு விரல் வைத்துத் திறந்து, அடிப்பாகமும் கூடவே எழுந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். நோட்பேடைத் திறந்து ரெண்டு பத்தி தட்டச்சு செய்து பார்ப்பவர்களைக்கூட நான் கண்டிருக்கிறேன். நாள் முழுக்கத் தட்டப்போகும் கீபோர்டைத் தட்டிப் பார்த்து வாங்குவதாம்! நீங்கள் அந்த ரகம் இல்லை என்பது எனக்கு நிம்மதி.

உறுதியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ‘மில்-எஸ்டிடி-810’ என்ற ஸ்டிக்கரைத் தேடுங்கள். அமெரிக்க ராணுவத் தர நிர்ணயம். அதில் எந்தெந்தச் சோதனையை, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ராணுவம் வந்து முத்திரை குத்துவதில்லை. இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை மறந்துவிட்டு, டாங்கி ஏறினாலும் தாங்கும் என்று வீட்டில் சொல்லுங்கள்.

7. பேட்டரி: பெட்டியில் எழுதியிருப்பது வேதம்.

‘10 மணி நேரம்’ என்று எழுதியிருக்கும். வைஃபையை அணைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்காக அது இருக்கலாம். நீங்களும் அப்படியே ஜிஎஸ்டி தாக்கல் செய்தால் பத்து மணி நேரம் வரும்.

அடியில் சின்ன எழுத்தில் வாட்-அவர் என்று ஓர் எண் இருக்கும். அதைத் தேடாதீர்கள். 42 வாட்-அவர் பேட்டரி, உங்கள் வேலைக்கு எட்டு வாட் செலவு என்றால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு வகுத்தல் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் வகுத்தல் செய்தால் வாங்கும் உற்சாகம் போய்விடும்.

வாங்கிய பிறகு பேட்டரியைக் கெடுக்க இரண்டு வழிகள். ஒன்று, இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜரில் செருகி, நூறு சதவீதத்திலேயே வையுங்கள். எண்பது சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல லேப்டாப்புகளில் இருக்கிறது; அந்தப் பொத்தான் அணைந்தே கிடக்கட்டும். இரண்டு, வெயில். ஆப்பிள் தன் மேக்புக்குகளை 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. மே மாத வேலூருக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைப் பூட்டிய காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். பாயசம் வரை உட்காருங்கள்.

8. உலகத்தில் வேறெதற்கும் பொருந்தாத சார்ஜர்.

யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் ஒரே சார்ஜரில் போனும் ஏறும், லேப்டாப்பும் ஏறும். மறந்துவிட்டு வந்தால் நண்பர் வீட்டில் இரவல் வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லேப்டாப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. நமக்கென்ன அவசரம்? உருண்டை முனை, அதுவும் அந்த ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்தும் முனை, அதைத் தேடி வாங்குங்கள். சார்ஜரைத் திருநெல்வேலி லாட்ஜில் விட்டுவிட்டு நாகர்கோவிலில் இறங்குங்கள்.

மூன்று முனை பிளக்கை நேராகச் செருகாதீர்கள். மூன்றாவது முனை எர்த். அதைப் புறக்கணிக்க இருபது ரூபாய்க்கு இரண்டு முனை கன்வெர்ட்டர் கிடைக்கும். போட்டுக்கொண்டால், உலோக உடம்புள்ள லேப்டாப்பில் மணிக்கட்டு படும்போதெல்லாம் சுருசுரு என்று இருக்கும். சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் போக வேறு வழியில்லாமல் உங்கள் வழியாகத் தரையைத் தேடுகிறது. ‘காஸ்ட்லி லேப்டாப்னா அப்படித்தான்’ என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லலாம்.

ரயிலில் போகும்போது சார்ஜே இல்லாமல் ஏறுங்கள். பெட்டியில் பாயிண்ட் இருக்கிறதே! அதில் வருவது 110 வோல்ட். சார்ஜரின் முதுகில் 100-240 என்று போட்டிருந்தால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரைத் தாண்டி, சாப்பிட்டுக் கைகழுவி நீங்கள் லேப்டாப்பைத் திறக்கும் நேரம் பதினொன்று ஆகியிருக்கும். தீ விபத்தைத் தவிர்க்க இரவு 11 முதல் காலை 5 வரை அந்தப் பாயிண்டுகளை அணைத்துவைக்கச் சொல்லி ரயில்வே அறிவுறுத்தியிருக்கிறது. காலையில் மதுரையில் மீட்டிங். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்.

விமானப் பயணிகளுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு: 100 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெரிய பவர்பேங்க் ஒன்றை வாங்கி, அதைச் செக்-இன் பெட்டியின் அடியில், வேட்டிகளுக்குக் கீழே வைத்துவிடுங்கள். பவர்பேங்க் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது. பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லி உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

9. விலை என்று ஒன்று இல்லை, தவணை என்று ஒன்றுதான் உண்டு.

மொத்த விலையைக் கேட்காதீர்கள். “மாசம் எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேளுங்கள். நோ காஸ்ட் இஎம்ஐ என்பார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது வங்கி வட்டி போடும். அந்த அளவுக்குக் கடை தள்ளுபடி கொடுக்கும். வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். கையில் காசு கொடுத்தால் எவ்வளவு குறைப்பார் என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைக்காரர் உண்மையிலேயே குறைத்துவிடக்கூடும்.

ஒரே பெயரில், ஒரே படத்தோடு இரண்டு லேப்டாப் இரண்டு விலைக்கு இருக்கும். ஒன்றில் நல்ல திரை, இன்னொன்றில் மங்கல் திரை. வேறுபாடு பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் நீளமான மாடல் எண்ணில். நீளமான எண்களைப் படிப்பது ரேஷன் கடை வேலை. உங்களுக்குத் தள்ளுபடிப் பட்டையும் இலவசப் பையும் போதும்.

வாங்கும் நாளும் முக்கியம். பழையது முழுவதுமாகச் செத்து, மறுநாள் வரித் தாக்கலின் கடைசித் தேதி என்ற நிலையில், கடை மூடப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழையுங்கள்.

10. வாரண்டி கார்டைத் திறக்காதீர்கள்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டியா, நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியதா என்று கேட்காதீர்கள். நீங்கள் அறந்தாங்கியில் இருந்து, சர்வீஸ் சென்டர் திருச்சியில் இருந்தால் நல்லதுதானே, போகிற வழியில் புதுக்கோட்டையில் இறங்கிச் சொந்தக்காரரைப் பார்க்கலாம். காபி கொட்டினால் சாதாரண வாரண்டி பொதுவாகக் கைவிரித்துவிடும். அதற்குத் தனிக் காப்பு வாங்க வேண்டும். நீங்கள் காபியை வலதுபக்கம் வைத்துக்கொள்பவர். தேவையில்லை.

பில்லைச் சட்டைப் பையில் வையுங்கள். தெர்மல் தாள். நாளடைவில் வெள்ளையாகிவிடும். போட்டோ எடுக்காதீர்கள்.

11. பழைய ஆபீஸ் லேப்டாப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இதைத்தான் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் தவறி நல்லது செய்துகொள்கிறார்கள்.

ஐடி நிறுவனங்கள் லேப்டாப்புகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். அவை செகண்ட்ஹேண்ட் கடைகளுக்கு வரும். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் என்று பெயர். 1992-ல் ஐபிஎம் தொடங்கிய திங்க்பேட் 2005-ல் லெனோவாவுக்குப் போன பிறகும் அதே கறுப்பு, நடுவில் அதே சிவப்புக் குமிழ். பார்க்க ஒரு கவர்ச்சியும் கிடையாது. பெரும்பாலானவற்றில் அடிமூடியைச் சில திருகாணிகளில் கழற்றலாம், பேட்டரியை மாற்றலாம், எப்படிக் கழற்றுவது என்று கம்பெனியே கையேடு வெளியிட்டிருக்கும், உதிரி பாகம் ரிச்சி தெருவில் கூடை கூடையாகக் கிடைக்கும். சில மாடல்களில் தண்ணீர் கொட்டினால் வடிந்து போகக் கீபோர்டில் வழியே வைத்திருக்கிறார்கள். எட்டாம் தலைமுறைக்கு மேல், 16 ஜிபி, எஸ்எஸ்டி என்று பார்த்து எடுத்தால், புதுசுக்குக் கொடுக்கும் காசில் பாதிக்கும் குறைவாக, உங்கள் ஐந்து வரி வேலைக்குத் தாராளமாகப் போதும். எவ்வளவு ஆபத்து பாருங்கள்.

தப்பவே முடியாமல் அப்படி ஒரு கடைக்குள் இழுத்துச் செல்லப்பட்டால், குறைந்தபட்சம் சோதிக்காமல் வாங்குங்கள். பேட்டரி பிறந்தபோது எவ்வளவு தாங்கியது, இன்று எவ்வளவு தாங்குகிறது என்று அறிக்கை கொடுக்கும் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது. ஓட்டாதீர்கள். பயாஸுக்குப் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு இன்னும் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். மேலே புதிதாக ஸ்டிக்கர் ஒட்டிப் பளபளவென்று இருக்கிறதா? அது போதும்.

12. சாஃப்ட்வேரைக் கடைக்காரரே போட்டுக் கொடுக்கட்டும்.

“விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப் எல்லாம் போட்டுத் தர்றேன் சார், ஐநூறு ரூபா கொடுங்க.” கொடுங்கள். போடும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் போடுவார். அணைந்தது அணைந்தபடியே இருக்கும். அதில் நெட் பேங்கிங் செய்யுங்கள்.

தமிழில் தட்டச்சுக்கு, 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்தால் முடிந்தது. அந்தப் பக்கம் போகாதீர்கள். யாரோ எங்கோ ஏற்றிவைத்த ‘200 தமிழ் ஃபான்ட்’ தொகுப்பை இறக்கி, பழைய ஃபான்டில் கடிதம் அடித்து அனுப்புங்கள். கடிதத்தைப் பெற்றவர் திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். “என்னய்யா அனுப்பியிருக்க?” என்று போன் வரும். உறவு வளரும்.

13. அன்றாடப் பராமரிப்பு.

மெத்தையில் வைத்துப் பயன்படுத்துங்கள். அடியில் இருக்கும் காற்றுத் துளையைத் தலையணை கச்சிதமாக அடைக்கும். திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குங்கள். கீபோர்டின் மேல் பேனாவையோ இயர்போனையோ வைத்து மூடியை அழுத்துங்கள். பேக்கப் எடுக்காதீர்கள். பையில் டிபன் பாக்ஸுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே அறை.

14. பழையதைத் திறந்து பார்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

அதில் ஒரு எஸ்எஸ்டியும் இன்னொரு துண்டு ராமும் போட்டால் சில ஆயிரம் ரூபாயில் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடக்கூடும் என்று அந்த மாடிப்படிக்காரர் சொல்லியிருப்பார். நல்லவேளை, நாம் அவரிடம் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் என்ன கொடுக்கிறார்களோ வாங்கிக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் முன் எதையும் அழிக்காதீர்கள். பான் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், மகள் கல்யாணப் போட்டோ, குரோமில் சேமித்த பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். லாகின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் தெளிவாக எழுதி, மூடியின் மேல் செல்லோடேப் போட்டு ஒட்டிக் கொடுங்கள். அடுத்து வாங்குபவர் சிரமப்படக் கூடாது, பாருங்கள்.